உடம்பில் ஒட்டாத சோறு

திருவண்ணாமலையில் ஒல்லியாக இருப்பது ஒரு தகுதி, ஆணாகப் பிறந்திருந்தால். 1896 செப்டம்பரில் பதினாறு வயதுப் பையனாக வந்து இறங்கிய வேங்கடராமன், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்துக்குள் பூச்சி அரிப்பதுகூடத் தெரியாமல் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். பின்னாளில் அவர்தான் ரமண மகரிஷி. அன்று தொட்டு, விலா எலும்பு தெரிகிற இளைஞனை எங்கள் ஊர் சட்டென்று நோயாளி என்று சொல்லிவிடாது. என் சித்தப்பா மகன் ஒருவன் எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிய துக்கத்தில் சோறு இறங்காமல் இளைத்து, தாடியும் வளர்த்துக்கொண்டு அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் அவன் காலடியில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பழத்தைத் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சொன்னான்.

பெண்பிள்ளை இளைத்தால் யாரும் பழம் வைப்பதில்லை. "என்னடி இது கோலம்?" என்பார்கள். பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு வேறு கேள்விகள் கேட்பார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. பி.ஏ. வரலாறு, கடைசி வருஷம். அப்பாவுக்குத் தேரடித் தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை. வீடு பே கோபுரத்துப் பக்கம். 1977 கார்த்திகை தீபத்துக்கு வழக்கம்போல வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். கூடம், திண்ணை, மாடி என்று கால்வைக்கிற இடமெல்லாம் பாய். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் கொல்லைக் கிணறு ஒன்றுதான். கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம் நின்றது, அவ்வளவே இடைவெளி. மழையும் நன்றாகப் பெய்திருந்தது. மலைமேல் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தபோதே கீழே எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்காக வயிற்றால் போக ஆரம்பித்தது. பெரிய அத்தைக்கு, அண்ணனுக்கு, விழுப்புரத்திலிருந்து வந்திருந்த குழந்தைகளுக்கு. ஓமத் தண்ணீரும் அரிசிக் கஞ்சியுமாக ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை.

காலராவைப்போல ஆளை அடித்துப்போடுகிற பேதியாக இருந்திருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இது அப்படி இல்லை. விடியுமுன் எழுப்பிவிடும். சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி கூப்பிடும். சாயங்காலமானால் வயிறு உப்பிக்கொண்டு பாவாடை நாடா இறுகும். நடுவில் இரண்டு நாள் சும்மா இருந்து, சரியாகிவிட்டது என்று நம்பவைக்கும். தை பிறந்தது, மாசி மகம் போனது. நாக்கு சிவந்து வழவழத்துப்போய், ரசம் பட்டாலே எரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரயிலடியில் எடை பார்க்கிற மெஷின் ஒன்று உண்டு. பத்துப் பைசா போட்டால் விளக்கெல்லாம் சுற்றி எரிந்து, ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் ஜோசியமும் அச்சடித்த அட்டை விழும். அண்ணன் என்னை அதில் ஏற்றினான். 34 கிலோ. ஜோசியம், 'உங்கள் முயற்சிகள் யாவும் பலிதமாகும்' என்றது.

இதை வெளியே சொல்ல முடியாது. காய்ச்சலைச் சொல்லலாம், தலைவலியைச் சொல்லலாம், பிடரியில் கட்டி வந்தால் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு மாதக்கணக்கில் வயிற்றால் போகிறது என்று யார் வாயால் சொல்வது? மார்ச் மாதம் என் தூரமும் நின்றுபோனது. உடம்பில் சத்து வற்றினால் அது நின்றுவிடும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பெரிய அத்தை என் வயிறு உப்பியிருப்பதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அன்றைக்கு இரவு அம்மா என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒன்றுமே கேட்காமல் அழுதுகொண்டிருந்தாள். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இளைத்த பிள்ளையைக் கண்டால் தமிழ் வீடுகளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: போடு, இன்னும் போடு. காலையில் பாதாம் அரைத்த பசும்பால். பதினோரு மணிக்கு ஹார்லிக்ஸ். மத்தியானம் பருப்பில் குழி செய்து ஊற்றிய நெய். ராத்திரி அவித்த முட்டையும் இன்னொரு டம்ளர் பாலும். நானும் மறுக்காமல் சாப்பிட்டேன். பசி இருந்த நாட்களில் ஆசையாகவே சாப்பிட்டேன். "ஒரு ஆள் சாப்பாடு சாப்பிடறா, ஒண்ணும் உடம்புல ஒட்ட மாட்டேங்குதே" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் போடப்போட எனக்குப் போவதும் கூடியது. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கிற லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலின் உள்சுவரில், அதுவும் அதன் விளிம்பில்தான் இருக்கிறது. குடல் சேதப்பட்டால் முதலில் போவது அதுதான். செரிக்காத பால் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, காற்றும் தண்ணீருமாகிறது. நெய்யின் கதையும் அதேதான், உறிஞ்சிக்கொள்ள இடமில்லாமல் அப்படியே வெளியேறிவிடும். என்னைத் தேற்றுவதற்காக அம்மா தேடித்தேடிக் கொடுத்த இரண்டும் என்னைக் கரைத்துக்கொண்டிருந்தன.

பாட்டி வைத்தியம் அந்த அளவு கெடுதல் செய்யவில்லை. மாதுளை ஓட்டைக் காயவைத்து இடித்த பொடி, சுண்டை வற்றல், வெந்தயம் போட்ட மோர். மோர் மட்டும் எனக்கு ஒத்துக்கொண்டது. உறைந்து புளித்ததில் பாலின் சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. பாட்டி இதைக் 'கிராணி' என்றாள். நாட்பட்ட கழிச்சலுக்குச் சித்த வைத்தியர்கள் சொல்கிற பெயர் அது. வீட்டில் இருந்தவர்களிலேயே இதை ஒரு வியாதி என்று ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு என் இளைப்பு கண்ணேறாக இருந்தது, படிப்புக் கவலையாக இருந்தது, யாரையோ மனதில் வைத்துக்கொண்டு ஏங்குவதாகவும் இருந்தது.

இடுமருந்து என்றும் ஒரு கட்சி. சாப்பாட்டில் யாரோ எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை அரிக்கிறது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. செங்கம் சாலையில் உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் மருந்து எடுக்கிறவர் இருந்தார். என் வயிற்றில் ஒரு குழாயை வைத்து வாயால் உறிஞ்சி, கருப்பாக ஒரு உருண்டையை இலையில் துப்பிக் காட்டினார். வெல்லமும் தலைமுடியும் புளியும் சேர்ந்த உருண்டை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, அதனால் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்த பஸ்ஸில் டிரைவரிடம் சொல்லி வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

கிரிவலம் போகச் சொன்னார்கள். பதினான்கு கிலோமீட்டர் நடக்க எனக்குத் தெம்பில்லை. இடுக்குப் பிள்ளையார் வரைக்கும் ஜட்கா வண்டியில் போனோம். குபேர லிங்கத்தைத் தாண்டி இருக்கிறது அந்தச் சின்னக் கோயில். பின்பக்கமாக நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, கையூன்றி ஊர்ந்து முன்பக்கம் வரவேண்டும். வந்தால் பிணி தீரும். நான் உள்ளே போனதும் வெளியே வந்ததும் எனக்கே தெரியவில்லை. துணைக்கு வந்த பெரிய அத்தை நடுவில் மாட்டிக்கொண்டார். வெளியிலிருந்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துத்தான் எடுத்தார்கள். அந்த ஆறு மாதத்தில் நான் வயிறு நோகச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

டாக்டரிடம் போகாமலில்லை. எங்கள் தெருமுனை டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு வாரம் கட்டுப்படும், பிறகு பழையபடி. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்த, பேதியை நிறுத்துகிற மாத்திரை ஒன்றும் வீட்டில் அட்டை அட்டையாக இருந்தது. அதில் இருந்த கிளியோகுவினால் என்ற மருந்தால் ஜப்பானில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் விளங்காமலும் பார்வை மங்கியும் போய், 1970-லேயே அந்த நாட்டு அரசு அதைத் தடை செய்திருந்தது. அதற்கப்புறமும் பல வருஷம் நம் ஊரில் அது மிட்டாய்போல விற்றது. என்னை அது ஒன்றும் செய்யவில்லை.

இனி எழுதப்போவது முகம் சுளிக்க வைக்கலாம். எழுதாமல் விட்டால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் வீட்டுக் கக்கூஸ் எடுப்புக் கக்கூஸ். அந்தக் காலத்தில் தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்கு அதுதான். இரண்டு கல் மேடை, கீழே தகரம், பின்சந்துப் பக்கம் ஒரு சிறிய கதவு. தினமும் காலையில் ஒரு அம்மாள் பின்சந்து வழியாக வந்து அள்ளிக்கொண்டு போவார். அவர் வீட்டுக்குள் வந்ததில்லை, முன்வாசல் பக்கமே வந்ததில்லை. மாதக் கூலியை அம்மா கையில் கொடுக்கமாட்டாள், பின்கதவுப் படியில் வைப்பாள். தண்ணீர் கேட்டால் உயரத் தூக்கி ஊற்றுவாள். நான் காந்தியையும் பெரியாரையும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் இது நடந்தது.

சித்திரை மாதம் ஒரு காலை, கிணற்றடியில் இருந்தேன். பின்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, சொல்றேன்னு கோச்சிக்காத. வூட்ல யாருக்கோ நல்லால்ல. ரொம்ப நாளா பாத்துக்கினுதான் வரேன்."

அம்மா பேசவில்லை.

"வெளுத்துக் கெடக்குது. மேல எண்ணெ மினுக்குது. சாம்பல் போட்டாலும் மூட மாட்டேங்குது, தகரத்துலயே பசையா புடிச்சிக்குது, தண்ணி ஊத்தி ஊத்தித் தேய்க்கிறேன். நாத்தமே வேற. சின்னப் பாப்பாதானே? துன்றது எதுவும் உள்ள தங்கலம்மா. மந்திரம் கிந்திரம்னு சுத்தாத, வேலூருக்கு இட்டுக்கினு போ. எங்க பக்கத்துல ஒரு பொண்ணு இப்புடிதான் போய்ச் சேந்துது."

சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக் கதவுக்குப் போய்விட்டார். அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவமானமா, பயமா, இரண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அப்பா கடையை மூடிவிட்டு வந்ததும் இருவரும் மாடியில் வெகு நேரம் பேசினார்கள். மறுநாள் வேலூருக்குக் கிளம்பினோம்.

பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ரயிலில் போனோம், ரயிலில்தான் கக்கூஸ் உண்டு. விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகிற மீட்டர் கேஜ் பாசஞ்சர், போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வேலூர் கண்டோன்மென்ட் போய்ச் சேர்ந்தது. அப்போது திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைநகரம் வேலூர். தனி மாவட்டமானது 1989-ல்தான். கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் வேலூர் போவார்கள். இனி ஆகாது என்ற உடம்பைத் தூக்கிக்கொண்டும் வேலூருக்குத்தான் போவார்கள். ஐடா ஸ்கடர் என்ற டாக்டரம்மா 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அதற்குள் பெரிய ஊராகவே வளர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் சி.எம்.சி. என்றுகூடச் சொல்வதில்லை, 'வேலூர்' என்றாலே அதுதான்.

அங்கே என்னைப் பார்த்த டாக்டர் ஒரு இளம் பெண், மலையாளம் கலந்த தமிழ். என் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். ஏன் இளைத்தாய், என்ன கவலை என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே மலத்தைப் பற்றியது. என்ன நிறம்? தண்ணீரில் மிதக்குமா? ஒட்டுமா? எண்ணெய் தெரியுமா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புமா? நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அம்மாதான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு, "நாங்க பாக்கலைங்க. அள்ற பொம்பள சொன்னா." பின்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள், சாம்பல் உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை. "ரொம்பச் சரியாச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மூன்று நாள் மலத்தை டப்பாக்களில் பிடித்துக் கொடுக்கவேண்டும், அதில் எவ்வளவு கொழுப்பு போகிறது என்று அளப்பார்கள். சைலோஸ் என்ற ஒரு சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பிறகு சிறுநீரைச் சேர்த்து வைக்கச் சொல்வார்கள். குடல் சரியாக இருந்தால் அந்தச் சர்க்கரை ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரில் வரவேண்டும். என்னுடையதில் வந்தது கொஞ்சம். கடைசியாகக் கிராஸ்பி கேப்சூல். நீண்ட மெல்லிய குழாயின் நுனியில் உலோகக் குப்பி. அதை விழுங்கவேண்டும். குடலில் சரியான இடத்துக்குப் போய்விட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சினால் குப்பிக்குள் இருக்கிற கத்தி குடல் சுவரில் ஒரு துணுக்கை வெட்டிக்கொள்ளும். வாயில் குழாய் தொங்க, எச்சில் வழிய, மணிக்கணக்கில் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். இன்றைக்கு எண்டோஸ்கோப்பி என்றால் பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை.

நோயின் பெயர் டிராபிகல் ஸ்ப்ரூ. சிறுகுடலின் உள்ளே குடலுறிஞ்சிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, விரல் விரலாக நிற்கவேண்டிய அவை மழுங்கித் தட்டையாகிவிட்டிருந்தன. உறிஞ்சுகிற பரப்பு குறைந்துபோனால் எதைச் சாப்பிட்டு என்ன? கொழுப்பு போகும், ஃபோலிக் ஆசிட் போகும், நாளடைவில் பி12-உம் போகும். ரத்தம் சுண்டும், நாக்கு வெந்துபோகும். பெரும்பாலும் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கில் தொடங்குகிறது, பிறகு கிருமிகள் சிறுகுடலிலேயே குடியேறிவிடுகின்றன. எந்தக் கிருமி என்று இன்றுவரை யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

வெகு காலம் இதை வெள்ளைக்காரர்களின் நோய் என்றே எழுதிவைத்திருந்தார்கள். 1759-லேயே பார்படோஸ் தீவில் வில்லியம் ஹில்லரி என்ற டாக்டர் இதைப் பதிவு செய்திருக்கிறார். வெப்ப நாடுகளில் வேலை பார்க்கப்போன ஐரோப்பியர்கள் இளைத்துத் துரும்பாகி ஊர் திரும்புவதுதான் பாடப்புத்தகத்துக்குத் தெரியும். இங்கேயே பிறந்து இங்கேயே இளைத்துச் செத்தவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கை மாற்றியது வேலூர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சி.எம்.சி.யில் வேலை பார்த்த செல்வின் பேக்கரும் அவரோடு வி.ஐ. மாத்தனும், 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் இது கொள்ளைநோயாகவே பரவியபோது அந்த ஊர்களுக்கே போய் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். குழந்தைகளைக் காட்டிலும் பெரியவர்களையே அது அதிகம் பிடித்தது. பக்கத்துக் கட்டிலில் போளூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தார். அவருக்குக் கல்யாணமான புதிதில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இப்படிப் போனதாம். "சாமி குத்தம்னு கூழு ஊத்தினோம். அந்தக் கூழ மொண்டு குடிச்சவங்களுக்கும் போச்சு" என்றார்.

அந்த ஆராய்ச்சியிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்த விஷயம் இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நோயில்லாதவர்களின் குடலையும் பார்த்திருக்கிறார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற நம் பக்கத்து ஜனங்களின் குடலுறிஞ்சிகளே, மேல்நாட்டுக்காரர்களுடையதை வைத்துப் பார்த்தால், கொஞ்சம் மழுங்கித்தான் இருந்தன. அசுத்தத் தண்ணீர் குடித்துக் குடித்து ஊருக்கே குடல் தேய்ந்திருக்கிறது. என்னைப் போன்றவர்கள் அந்த வரிசையின் கடைசிப் படியில் இருந்திருக்கிறோம். குழந்தைகள் ஏன் சாப்பிட்டும் வளர்வதில்லை என்று 2009-இலிருந்து எட்டு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் வேலூரும் ஓர் இடம். பத்திரிகையில் அதைப் படித்தபோது எங்கள் வீட்டு முருங்கை மரம் ஞாபகம் வந்தது.

வைத்தியம் ஒன்றும் பிரமாதமில்லை. டெட்ராசைக்ளின் கேப்சூல் சில மாதங்களுக்கு. ஃபோலிக் ஆசிட், மஞ்சளாகச் சின்ன மாத்திரை. பி12 ஊசி, சிரிஞ்சில் ஏற்றும்போதே குங்குமச் சிவப்பாகத் தெரியும். பாலை நிறுத்தச் சொன்னார்கள், நெய்யை நிறுத்தச் சொன்னார்கள். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "நெய்யும் இல்லாம பாலும் இல்லாம எப்படி டாக்டர் தேறுவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு வாரத்தில் நாக்கு எரிச்சல் நின்றது. அடுத்து வந்தது பசி. இதற்கு முன்னால் பசி என்று நினைத்ததெல்லாம் பசியே இல்லை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சாதமும் சாம்பாரும் போதாமல், வெளியே ஒரு மெஸ்ஸிலிருந்து அப்பா இட்லி வாங்கிவந்தபடி இருந்தார். எடை ஏற இன்னும் கொஞ்ச காலம் ஆனது. ஆவணியில் தூரம் திரும்பி வந்ததும் அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தாள். பெரிய அத்தைக்கு அந்தச் சேதி ஆள் அனுப்பிச் சொல்லப்பட்டது.

அந்தத் தீபாவளிக்குப் பின்கதவுக்கு வந்த அம்மாளுக்கு ஒரு நூல் புடவை எடுத்தார்கள். படியில் வைக்காமல் கையில் கொடுத்தாள் அம்மா. அதற்குமேல் ஒன்றும் மாறிவிடவில்லை. மறுநாளும் அவர் அதே சந்து வழியாகத்தான் வந்தார், அதே தகரத்தைத்தான் தேய்த்தார். செப்டிக் டேங்க் வைத்த கக்கூஸ் எங்கள் வீட்டுக்கு எண்பதுகளின் நடுவில் வந்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்த முதல் சட்டம் 1993-ல் வந்தது, அது போதாமல் 2013-ல் இன்னொன்று. எங்கள் தெருவில் அத்தனை வீட்டு வயிறுகளும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்த ஒரே ஆள் அவர். முனிசிபாலிட்டியோ சுகாதார ஆபீஸோ ஒரு நாள் அவரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அந்த வருஷம் எத்தனை கிணற்றுக்கு மருந்து போடவேண்டும் என்று சொல்லியிருப்பார்.

ஸ்ப்ரூ இப்போது குறைந்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் மாறியது, கக்கூஸ் மாறியது, சின்ன வயிற்றுப்போக்குக்கே ஆண்டிபயாடிக் விழுங்கும் பழக்கமும் வந்துவிட்டது. இருபது வயதுப் பிள்ளைகள் வயிற்றால் போய் இளைப்பது மட்டும் நிற்கவில்லை. காரணங்கள் வேறாகிவிட்டன: குடல் காசநோய், கிரோன் நோய், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, தைராய்டு. வெளியே சொல்லாமல் மறைப்பதும், போடு இன்னும் போடு என்பதும் அப்படியே இருக்கின்றன.

என் அண்ணன் பேரனுக்குக் குருகிராமில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வேலைப்பளு என்றான். உடம்பு ஏறவேண்டுமென்று ஜிம்மில் சேர்ந்து, பால் புரதப் பொடியை இரண்டு வேளை கலக்கிக் குடிக்கிறானாம். எங்கள் அம்மாவின் பாதாம் பால்தான், டப்பாவும் விலையும் வேறு. நான் போனில் கேட்டேன்: "வயித்தால போகுதாடா?"

"பாட்டி!"

"என்ன நிறம்? பேசின்ல ஒட்டுதா, தண்ணி ஊத்தினா போயிடுதா?"

போனை வைத்துவிட்டான். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கீழே 'ஸாரி பாட்டி' என்று ஒரு வரி. அதைப் பார்த்த என் மருமகள் அந்த வாரம் முழுக்க என் போனைத் தொடவில்லை.

அவனுக்கு இருந்தது சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலுறிஞ்சிகளை மழுங்கடித்துவிடும். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, குடல் துணுக்கில் உறுதியாயிற்று. நம்மவனுக்கு ஏன் கோதுமை நோய் என்று அண்ணன் வீட்டில் ஒரே ஆச்சரியம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தெற்கு என்று 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்திருந்தார்கள். தெற்கே அவர்கள் போன இடம் மறுபடியும் வேலூர்தான். வடக்கே 1.23 சதவீதம் பேருடைய ரத்தத்தில் இந்த நோயைக் காட்டுகிற எதிர்ப்பொருள்கள் இருந்தன, தெற்கே 0.10 சதவீதம் பேருக்கு. நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணுக்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, நம் பக்கம் 25 கிராம். இவன் ஊரில் சோறு தின்றுகொண்டிருந்தவரை உறங்கிக்கிடந்தது, குருகிராமில் மூன்று வேளை ரொட்டியில் விழித்துக்கொண்டது போலும். அப்படித்தான் நான் நினைக்கிறேன். அவனுடைய டாக்டர் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லவில்லை.

இந்த நோய்க்கு மாத்திரை கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆகாது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சாமை சாப்பிடலாம். ஜவ்வாது மலைச் சாமையைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கூரியரில் அனுப்புகிறோம். கன்னம் நிரம்பிவிட்டது. போன கார்த்திகை தீபத்துக்கு வந்தவன் முதல் வேலையாகச் சமையற்கட்டுக்குள் நுழைந்து டப்பா டப்பாவாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான். பெருங்காய டப்பாவைப் படித்துவிட்டு, "இதிலயும் கோதுமை மாவு இருக்கு பாட்டி" என்றான். எனக்கு அது தெரியாது. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு சேர்க்கிறார்களாம். இத்தனை வருஷம் வயிற்றுக்கு நல்லது என்று சாம்பாரிலும் மோரிலும் போட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் செய்து வைத்திருந்த சாம்பாரை அவனுக்கு ஊற்றவில்லை. சின்னக்கடைத் தெருவுக்கு ஆளை அனுப்பி, அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறதா என்று கேட்டுவரச் சொன்னேன். மூன்று கடையில் இல்லை. நான்காவது கடைக்காரர், "யாருக்கு, என்ன உடம்பு?" என்று விசாரித்திருக்கிறார். போன பையன் தெருவுக்கே கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தான்.